அழுக்குத் தண்ணீர்

கறை போயிருந்தது.

கணவனின் வெள்ளைச் சட்டைப் பையில், சரியாக நெஞ்சுக்கு நேரே, கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு நீல மைக்கறை ஆறு வருடமாக இருந்துவந்தது. அவள் தையல்காரி. துணிக்கும் அவளுக்கும் நடுவில் ஒளிவுமறைவு கிடையாது. எலுமிச்சை, உப்பு, கொதிநீர், கடையில் விற்கிற அத்தனை சோப்பு என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, "இவர் நம்ம வீட்டுல குடியேறிட்டார், காலி பண்ண மாட்டார்" என்று சிரித்து விட்டுவிட்ட கறை அது. பெரியவள் நாலு வயதில், மூடாத பேனாவை அப்பாவின் பையில் செருகி, "ம், இப்ப வேலைக்குப் போ" என்று அனுப்பிவைத்த நாளின் அடையாளம். புது வாஷிங் மெஷினில் முதன்முதலாகத் துவைத்த அன்றே அது இல்லாமல் போனது.

சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறை போனாலும் அதன் நிழல் போகாது என்பது துணியோடு பிழைப்பவர்களுக்குத் தெரியும். நூலுக்குள் எங்காவது ஒரு மங்கல் தங்கும். இதில் அதுவும் இல்லை. தறியிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கியதுபோல் பளிச்சென்று இருந்தது.

"பாத்தியா? நம்பர் ஒன் மெஷின்னு சொன்னேன்ல," என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். இயந்திரங்களைப் பற்றிப் பேசினால் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும் மாமனார் மாதிரி முகம் மலர்ந்துவிடும்.

"மைக்கறை போயிடுச்சுங்க."

"போகட்டுமே. நல்லதுதானே?"

அவனுக்கு அந்தக் கறை எதனால் வந்தது என்று தெரியும். தெரிந்தும் இப்படிச் சொல்கிறானே என்று கோபம் வந்தது. பிறகு, பாவம், அவனும் எத்தனை நாள்தான் அழுத முகத்தோடு வேலைக்குப் போவான் என்று தோன்றியது.

பெரியவள் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான். ஒன்பது வயது. அதன்பிறகு இவள் துணி துவைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து அழுவாள். ஒரே துண்டை ஒரு மணி நேரம் கசக்குவாள். கைவிரல் மடிப்பெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். கணவன் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்க வேண்டும். எதுவும் பேசாமல் முதலில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிவந்தான். பிறகு ஒரு நாள் மெஷினோடு வந்தான். "உன் கை வெடிச்சுப் போகுதுல்ல, அதான்" என்றான். விஷயம் கை இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

நல்ல சாமான்தான். குறை சொன்னால் வாய் வெந்துவிடும். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில், கதவோரம், வெள்ளையாக, முகத்தில் ஒரே ஒரு வட்டக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தது. துணியை உள்ளே போட்டதும் உடனே சுற்றாது. இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று சுற்றி எடை பார்க்கும், பிறகு நின்றுவிடும். அந்த அமைதியில் அது என்னவோ யோசிப்பதுபோல் இருக்கும். அதன்பிறகுதான் உள்ளே எங்கோ மெல்லத் தண்ணீர் இறங்கும் சத்தம், ஈரத் துணி ஒன்றன்மேல் ஒன்று விழும் சத்தம், கதகதப்பான சோப்பு வாசனை. பொருத்த வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "எவ்வளவு துணி, எவ்வளவு அழுக்கு, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்மா. நீங்க ஒண்ணும் சொல்லவே வேணாம்."

எது அழுக்கு என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவள் அப்போது கேட்கவில்லை.

அடுத்த வாரம் சின்னவளின் கவுன். அது பெரியவளுக்குத் தைத்தது. வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது அடியில் துணியை மடித்து உள்ளே விட்டுத் தைப்பாள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து நீளத்தை இறக்குவாள். பிரித்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று விழும். நாலு வயதுக்கு ஒரு கோடு, ஐந்துக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று. சிலர் பிள்ளையின் உயரத்தைச் சுவரில் குறித்து வைப்பார்கள். இவள் வீட்டில் அது கவுனில் இருந்தது. அன்று இஸ்திரி போட எடுத்தபோது மூன்று கோடும் இல்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஊசி போன துளைகூட மூடியிருந்தது.

துணியில் விழுந்த துளையை எந்த மெஷினாலும் மூட முடியாது.

சின்னவள் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு, தரையில் படுத்துப் படம் வரைந்தாள். ஆறு வயது. வரைந்துகொண்டே கேட்டாள்.

"அம்மா, ஏன் என்னைச் சின்னவ சின்னவன்னு கூப்பிடறீங்க?"

"பெரியவளுக்கு அடுத்துப் பொறந்ததால."

"எந்தப் பெரியவ?"

தையல் மெஷினில் இருந்த அவள் கால் நின்றுவிட்டது. விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. பிள்ளையின் முகத்தில் பொய்யே இல்லை. படத்தில் அப்பா, அம்மா, ஒரு பெண். மூன்று பேர். போன வாரம் வரை நான்கு பேரை வரைந்துவிட்டு, நான்காவது ஆளை மேகத்தின் மேல் உட்காரவைப்பாள்.

"அக்காடி," என்றாள். "உன் அக்கா."

"எனக்கு அக்கா இல்லையே," என்றாள் சின்னவள். மஞ்சள் கிரேயானைத் தேடப் போய்விட்டாள்.

பிள்ளை மனம் கல் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளை, மறந்திருக்கும், அதுகளுக்கு அப்படித்தான் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் மாலையில் கணவன் விசில் அடித்துக்கொண்டே மாடிப்படி ஏறிவந்தான். ஒரு வருடமாக அந்த வீட்டில் விசில் சத்தம் கேட்டதில்லை. நன்றாகச் சாப்பிட்டான். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வேலை செய்யும் கட்டடத்தில் யாரோ ஒரு கிழவர் லிஃப்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய கதையைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தான். சின்னவளும் சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் பயமும் வந்தது.

எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து உறையை எடுத்தாள். பார்க்கத் தாங்காது என்று அவனேதான் பெரியவளின் போட்டோக்களை எல்லாம் அதில் போட்டு ஒட்டி வைத்திருந்தான். ஒன்றை உருவி அவன் முன்னால் நீட்டினாள். பல் விழுந்த வாயோடு, தலையைச் சாய்த்து, அவனுடைய அதே மூக்கோடு பெரியவள் சிரித்தாள்.

"அட, அழகா இருக்கே," என்றான். "யாரு, உங்க சொந்தக்காரப் பொண்ணா?"

அவள் பார்வை அவன் நெஞ்சுக்கு இறங்கியது. கணவன் அணிந்திருந்தது அந்த வெள்ளைச் சட்டை. மைக்கறை இல்லாத சட்டை.

அன்றிலிருந்து அவள் கவனிக்க ஆரம்பித்தாள். மெஷினில் துவைத்த தலையணை உறையில் சின்னவள் படுத்தாள், அக்காவோடு போட்ட சண்டையெல்லாம் போயிற்று. மெஷினில் துவைத்த துண்டால் கணவன் முகம் துடைத்தான், ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கு முகம் சுருங்குவது நின்றது. அவள் மட்டும் ஏன் தப்பினாள் என்று யோசித்தபோது விடை எளிதாக இருந்தது. பழக்க தோஷம். தன் துணியை மட்டும் இன்னும் கையால்தான் துவைத்துக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு அழ ஒரு சாக்கு வேண்டுமே. மெஷின் துணியைக் கையால் எடுத்து மடிப்பதோடு சரி, உடம்பில் உடுத்தியதில்லை.

பிளக்கைப் பிடுங்கிப்போட்டாள். பின்பக்கக் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். "கெட்டுப்போச்சுங்க" என்றாள். லிஃப்ட் மெக்கானிக்கிடம் போய்ச் சொல்கிற பொய்யா அது? பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "எலி கடிச்சிருக்கு போல" என்றான். அந்த வீட்டில் எலியே கிடையாது.

ஒரு மதியம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அவள் மட்டும். குளியலறைத் தரையில் இருந்த ஓட்டையின் மேல் கழிவுநீர்க் குழாய் கிடந்தது. துவைத்த அழுக்குத் தண்ணீர் அதன் வழியே குபுகுபுவென்று வந்து, சாம்பல் நிறத்தில் சுழித்து, உள்ளே இறங்கியது. அவள் வாசலில் நின்றாள். சோப்பு வாசனை இல்லை. வேறு வாசனை. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த தலையின் வியர்வை. பென்சில் சீவல். காது மடலுக்குப் பின்னால், கழுத்தும் முடியும் சேரும் இடத்தில், மூக்கை வைத்தால் மட்டும் வரும் அந்த வாசனை.

முழங்காலிட்டு விழுந்தாள். கையைக் குவித்துத் தண்ணீரைப் பிடித்தாள். முகத்தில் அறைந்துகொண்டாள். பெரியவள் மடியில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அந்தக் கனம், அந்தச் சூடு. "அம்மா, நகரும்மா, இடமே இல்ல" என்று இடுப்பால் இடிக்கிற அந்த இடி.

மெஷின் பெரியவளை அழிக்கவில்லை. பிரித்தெடுத்திருக்கிறது. எடுத்து, ஓட்டை வழியே கொட்டிக்கொண்டிருக்கிறது.

எத்தனை தடவை கொட்டியிருக்கும்?

வீட்டில் இருந்த வாளிகளையெல்லாம் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து மெஷின் ஓடும் ஒவ்வொரு தடவையும் கழிவுநீர்க் குழாயைத் தூக்கி வாளிக்குள் விட்டாள். ஒரு வாளி. இரண்டு. நான்கு. தட்டுப் போட்டு மூடி, குளியலறைச் சுவரோரம் வரிசையாக வைத்தாள். சாதாரண அழுக்குத் தண்ணீர் இரண்டு நாளில் நாறும். இது நாறவில்லை. சில நேரம், யாரும் தொடாமலே, தட்டு லேசாக அசைந்து கிணுகிணுக்கும்.

"எதுக்கு இந்த அழுக்குத் தண்ணிய சேத்து வைக்கிற?" என்றான் கணவன்.

"செடிக்கு ஊத்த," என்றாள். அந்த வீட்டில் செடியும் கிடையாது.

ஒரு விடுமுறை நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் சட்டையில்லாமல் நாற்காலியில் கண் மூடிச் சாய்ந்திருந்தான். அவள் ஒரு துணியை வாளியில் நனைத்துவந்தாள். தவறா சரியா என்றெல்லாம் யோசிக்கவில்லை. தனியாக இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு பிள்ளையை இரண்டு பேர் பெற்றார்கள், ஒருத்தி மட்டும் அழுதால் எப்படி? "வேர்த்திருக்கு" என்று சொல்லி அவன் முகத்தைத் துடைத்தாள்.

அவன் மூச்சை இழுத்தான். கண்ணைத் திறந்தான். எழுந்து நின்று வீடு முழுக்கப் பார்த்தான்.

"பெரியவ எங்க?"

அவள் ஈரத் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"எங்க அவ? இன்னும் ஸ்கூல்லேந்து வரலையா? மணி என்ன?"

"ஏங்க..."

"என்ன? என்ன ஆச்சு? சொல்லு."

"அவ இல்லைங்க."

அவனுக்கு அது அன்றைக்குத்தான் நடந்தது. அந்த நிமிடம்தான் நடந்தது. ஒரு வருடமாக ஆறியும் ஆறாமலும் இருந்த புண் இல்லை. புதிதாக வெட்டிய வெட்டு. "பொய் சொல்ற" என்றான். "காலையில கூட..." என்றான். எந்தக் காலை என்று தெரியாமல் விழித்தான். பிறகு சுவரில் தலையை முட்டினான். ஒரு தடவை, இரண்டு தடவை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே சத்தம். சின்னவள் மேசைக்கடியில் புகுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அவள் பிடித்துப் பார்த்தாள், முடியவில்லை. "நான் அவளக் கடைசியா திட்டிட்டேன், மருந்து குடிக்கலன்னு திட்டிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நெற்றியில் ரத்தம் வந்தது.

கொடியில் அந்த வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

அவள் போய் எடுத்துவந்தாள். "இதப் போட்டுக்கங்க. சொன்னா கேளுங்க. போட்டுக்கங்க." சின்னப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல் கையைப் பிடித்து உள்ளே விட்டாள். முதல் பொத்தானைப் போட்டாள். இரண்டாவது. மூன்றாவது பொத்தானில் அவன் அழுகை பாதியில் நின்றது. கேவலை முழுங்கினான். கண்ணைத் தேய்த்துக்கொண்டான்.

"ஏன் கண்ணெல்லாம் இப்படி எரியுது?" என்றான். "தூங்கிட்டேனா?"

"ஆமா," என்றாள். கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, அவன் நெஞ்சில் கையை வைத்து ஒரு தடவை தடவிக்கொடுத்தாள்.

அன்று அவள் முடிவு செய்தாள். போதும். இன்னொரு தடவை அவனிடம் அந்தச் செய்தியைச் சொல்ல இந்த நாக்கு எழும்பாது. அவன் விசில் அடிக்கட்டும். சின்னவள் சிரிக்கட்டும். ஒருத்தி சுமந்தால் போதும். ஆனால் அந்த ஒருத்தியும் இல்லாமல் போய்விட்டால், ஒன்பது வருடம் இந்த வீட்டில் ஓடித் திரிந்த ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டியது. தனிப் போர்வை, தனித் தலையணை, தனித் துண்டு என்று ஒதுக்கிக்கொண்டாள். கொடியில் தன் துணி மற்றவர்கள் துணியில் உரசாமல் பார்த்துக்கொண்டாள். சின்னவள் ஓடிவந்து கட்டிக்கொள்ள வந்தால் உடம்பு தானாகப் பின்வாங்கியது. அதற்காகவும் அழுதாள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருந்தது. பெரியவளின் நீல நிறப் பள்ளிக்கூடப் பாவாடை. "முட்டிக்கு மேல ஏறிடுச்சும்மா, எல்லாரும் பாக்கறாங்க, இறக்கிக் குடு" என்று கேட்டாள். இவளும் உட்கார்ந்து பாதி மடிப்பைப் பிரித்தாள். மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தாள். அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது. அந்தப் பாவாடையை அவள் துவைக்கவே இல்லை. பிரித்தது பாதி பிரித்தபடியே வாடிக்கையாளர் துணி போடும் பெரிய பையின் அடியில் வைத்திருந்தாள். அந்தப் பையில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பிழைப்பாயிற்றே.

ஆனால் சீட்டு இல்லாத துணி ஒன்று பையில் கிடந்தால் கேள்வி வரும். அவர்கள் இருவரும் மறந்தபிறகு அவளுக்கு அந்தப் பயம் வந்தது. அதனால் ஒரு சீட்டு எழுதி ஊசியால் குத்தினாள். "மூன்றாவது மாடி. நீளம் இறக்க." ஊரான் வீட்டுச் சொத்து என்றால் யாரும் தொடமாட்டார்கள். தன் சாமர்த்தியத்தை அன்று அவளே மெச்சிக்கொண்டாள்.

அடுத்த விடுமுறை நாள், நூல் வாங்கப் போய்விட்டு வந்தாள். அரை மணி நேரம்கூட இல்லை. கதவைத் திறந்ததுமே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நடு மதியம். வெயில் தரையில் சதுரமாகக் கிடந்தது. சின்னவள் அதில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கணவனின் முகம் முழுக்கச் சிரிப்பு. நல்லது செய்துவிட்ட மனுஷனின் சிரிப்பு.

"அந்த மூணாவது மாடிக்காரங்க பாவாடை, பையோட அடியில கிடந்துச்சு. நீ மறந்தே போயிட்ட போல. ஒரே வாடை. அவங்க எத்தன நாளா காத்திருக்காங்களோ. உனக்குக் கை வேற வலிக்குது. துவைச்சு வெச்சா நீ தைச்சுக் குடுத்துடலாம்ல, அதான் போட்டுட்டேன்."

நூல்கண்டுகள் தரையில் விழுந்து உருண்டன.

கண்ணாடிக்குப் பின்னால் நீலம். சுற்றியது. விழுந்தது. சுற்றியது. இரண்டு கையாலும் கதவை இழுத்தாள். மெஷின் ஓடும்போது கதவு திறக்காது. நல்ல மெஷின், பாதுகாப்பான மெஷின். பிளக்கைப் பிடுங்கினாள். சுற்றுவது நின்றது, கதவு திறக்கவில்லை. கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தாள். அடித்தாள்.

"ஏய், என்ன பண்ற? இரு, இரு. உடைச்சிடாத," என்று அவன் பிளக்கைத் திரும்பச் சொருகினான். "ரெண்டு நிமிஷம்தான். முடியப்போகுது."

தண்ணீர்.

குளியலறைக்கு ஓடினாள். கழிவுநீர்க் குழாயின் வாயை அவன் ஓட்டைக்குள் ஆழமாகச் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தான். மெக்கானிக் வேலை, சுத்தமான வேலை. நகத்தால் பிய்த்தாள். நகம் பெயர்ந்தது. குழாய் கையோடு வந்தது. வாளியில் விட்டாள். கொஞ்சம்தான் வந்தது. அரை வாளி. பிறகு சொட்டு. பிறகு அதுவும் இல்லை.

மெஷின் பாட்டுப் பாடியது. கதவு கிளிக் என்றது.

பாவாடையை இழுத்து முகத்தில் புதைத்தாள். தேடினாள். இடுப்புப் பட்டையில், பைக்குள், பிரித்த மடிப்புக்குள். சோப்பு. பூ வாசனை. வேறு ஒன்றுமில்லை. "என் கண்ணே" என்றாள். "என் தங்கமே, போயிடாதடி" என்றாள். ஈரத் துணியை நெஞ்சோடு சேர்த்து, பிள்ளையைக் கட்டுவதுபோல் இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். புடவை நனைந்தது. ஈரம் தோலுக்கு வந்தது. அப்போதுதான் தெரிந்தது, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று.

விடவேண்டும். கையை விடவேண்டும்.

விட முடியவில்லை. எந்தத் தாய் விடுவாள்?

பல் விழுந்த வாய். போயிற்று.

மடியின் கனம். போயிற்று.

இடமே இல்ல, நகரும்மா என்று...

யார்?

நீல...

கையில் ஒரு ஈரப் பாவாடை இருந்தது.

அவள் அதை உதறிப் பார்த்தாள். நல்ல துணி. யாரோ பாதி பிரித்துப்போட்டிருந்தார்கள். சீட்டு தண்ணீரில் கரைந்து கூழாகியிருந்தது. வெயில் இதமாக இருந்தது. நெஞ்சில் ஏதோ ஒரு கல் இருந்ததுபோலவும், அதை யாரோ இறக்கிவைத்துவிட்டதுபோலவும் லேசாக இருந்தது. எத்தனை நாளாயிற்று இப்படி மூச்சுவிட்டு.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றான் கணவன், பயந்துபோய்.

"ஒண்ணும் இல்லையே," என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாரோட பாவாடைங்க இது?"

"மூணாவது மாடி."

"சாயங்காலம் தைச்சுக் குடுத்துடறேன்."

கொடியில் போட்டாள். சின்னவள் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் குனிந்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். பிள்ளை நம்பமுடியாமல் அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்னும் இறுக்கிக்கொண்டது.

பிறகு குளியலறையைப் பார்த்தாள். சுவரோரம் வரிசையாக வாளிகள். தட்டைத் தூக்கினால் சாம்பல் நிறத் தண்ணீர். சே, எவ்வளவு நாள் அழுக்கு. இதைப்போய் யார் பிடித்து வைத்தது? கொசு முட்டையிடாதா? வெடித்த விரலில் அழுக்கு படக்கூடாதென்று ரப்பர் கையுறையை முழங்கை வரை மாட்டிக்கொண்டாள். வாசற்படியில் நின்றபடியே முதல் வாளியை எட்டி இழுத்து, ஓட்டையைப் பார்த்துச் சாய்த்தாள். குபுகுபுவென்று இறங்கியது. உள்ளே வெகு ஆழத்தில் ஏதோ விம்முவதுபோல் சத்தம். பழைய கட்டடம், குழாயில் காற்று அடைத்திருக்கும். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

கடைசி வாளியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விடக் கனத்தது. இழுத்தாள், வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

தண்ணீருக்கு அடியில் ஒரு முகம் அண்ணாந்து இருந்தது. சின்னப் பெண். ஒன்பது வயது இருக்கலாம். கண் திறந்திருந்தது. பயம் நிறைந்த கண். உதடு இரண்டும் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. தண்ணீர் அதை மேலே விடவில்லை. வாளியின் விளிம்பை உள்ளிருந்து விரல்கள் பற்றியிருந்தன.

அவளுக்குப் பயமாக இல்லை. இன்றைக்கு எதற்குமே பயம் வரவில்லை.

யார் பெற்ற பிள்ளையோ, பாவம் என்று நினைத்தாள்.

சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள். முள்ளில் மாட்டிய துணியைக் கிழியாமல் எடுப்பதுபோல், நோகாமல், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஒன்றை எடுத்தால் எடுத்தது திரும்பப் பிடித்தது. மறுபடி எடுத்தாள். பொறுமையாக எடுத்தாள். கடைசி விரல் விட்டதும் வாளியைத் தூக்கிச் சாய்த்தாள். தண்ணீர் ஓட்டையைச் சுற்றிச் சுழன்றது. கருத்த முடிக்கற்றை ஒன்று அதன் வாயில் சுருண்டு அடைத்துக்கொண்டது. கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகாமல் தங்கி, தயங்கி, திரும்பியது.

வெறுங்காலோடு வாசற்படியில் நின்று அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மெல்லிய ஒரு கோடாக, தரையின் சரிவுக்கு எதிராக, அந்தத் தண்ணீர் அவள் பாதத்தை நோக்கி மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.